பலகையைப் பிடித்திருப்பது எது?



உங்கள் வீட்டில் உண்மையான மரம் எவ்வளவு இருக்கும்? வாசற்கதவு தேறும். பாட்டி காலத்துப் பெட்டி ஒன்று பரணில் இருக்கலாம். மற்றபடி கிச்சன் அலமாரி, டிவி ஸ்டாண்டு, பிள்ளைகள் படிக்கும் மேஜை எல்லாம் பெரும்பாலும் மரத்தூளையோ நாரையோ அழுத்திச் செய்த பலகைகள்தான். கடைக்காரர் எம்.டி.எஃப். என்பார், பார்ட்டிகிள் போர்டு என்பார், பிரீ-லேம் என்பார். வீட்டுப் பெரியவர்கள் ‘எல்லாம் அட்டை’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தேக்கு நன்றாக முற்ற ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லா வீட்டுக்கும் தேக்கு அலமாரி என்றால் காடு தாங்குமா? மாதச் சம்பளம்தான் தாங்குமா? மரம் அறுத்த மிச்சத்திலிருந்து மேஜை செய்யலாம் என்று கண்டுபிடித்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால், வாங்கும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். கலர் பார்க்கிறோம், பளபளப்பு பார்க்கிறோம், தவணை எவ்வளவு என்று கேட்கிறோம். அந்தத் தூளையும் நாரையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்பதே இல்லை. அந்தப் பலகையின் ஆயுளும், அது நம் வீட்டுக் காற்றுக்கு என்ன செய்யும் என்பதும் பெரிதும் அந்தப் பசையைப் பொறுத்தது.

பசையே இல்லாமல் பலகை செய்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம் மேசன். எடிசனிடம் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊர். சுற்றிலும் மரம் அறுக்கும் மில்கள். அங்கே மலைமலையாகக் கிடந்த கழிவு அவர் கண்ணை உறுத்தியது. 1924-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். மரச் சிம்புகளை இரும்புக் கலத்தில் அடைத்து, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு வரை நீராவி அழுத்தம் ஏற்றி, சட்டென்று திறந்துவிடுவார். சூட்டில் அரிசி பொரிவதுபோல மரம் பொரிந்து நார்நாராகிவிடும்.

அந்த நாரை வைத்து வெப்பம் தடுக்கும் மெத்தென்ற பலகை செய்வதுதான் அவர் எண்ணம். ஒருநாள் அழுத்து இயந்திரத்தில் நாரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாராம். நீராவி வால்வு சரியாக மூடாததால் சூடு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் மெல்லிய, கெட்டியான, வழவழப்பான பலகை. இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். மரத்துக்குள்ளேயே லிக்னின் என்ற இயற்கைப் பொருள் இருக்கிறது. சூட்டில் அது இளகி, ஆறும்போது நார்களை இறுக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டுப் பசை தேவைப்படவில்லை.

மேசனைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் வீட்டிலும் அவருடைய பலகை இருக்கிறது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வலை பதிந்த தடம் என்று ஒரு ஹார்டுபோர்டு பார்த்திருப்பீர்களே? பரீட்சைக்குக் கொண்டுபோகும் பேட், சாமி படத்தின் பின்பக்கம், பழைய ரேடியோவின் முதுகு எல்லாம் அந்த வம்சம்தான்.

பிறகு வந்த பார்ட்டிகிள் போர்டின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் மரத்துக்குத் தட்டுப்பாடு. மரத்தூளையும் சிம்பையும் செயற்கைப் பசையில் கலந்து அழுத்தினார்கள். எம்.டி.எஃப். 1960-களில் அமெரிக்காவில் வந்தது. இரண்டிலும் அதிகம் பயன்பட்டது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. மலிவு, சீக்கிரம் இறுகும், நிறமும் தெரியாது. தொழிற்சாலைக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குத்தான் சிக்கல். இந்தப் பசைக்குத் தண்ணீர் ஆகாது. சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரி ஏன் முதலில் உப்புகிறது என்று இப்போது புரிகிறதா? ஈரத்திலும் சூட்டிலும் பசை சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவாக வெளியேறும். புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறதே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அறைக் காற்றில் இது 0.1 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஜெர்மனி 1977-லேயே சொல்லிவிட்டது. 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று வகைப்படுத்தியது.

பயந்து அலமாரியைத் தூக்கித் தெருவில் போட வேண்டாம். வாயு வெளியேறுவது நாளாக ஆகக் குறையும். புதிதாக வாங்கியதைச் சில வாரம் ஜன்னலைத் திறந்துவைத்து ஆறவிடுங்கள். பிள்ளைகள் தூங்கும் அறையில் உடனே போடாதீர்கள். பலகையின் வெட்டு ஓரங்கள் வழியாகத்தான் தண்ணீர் சுலபமாக உள்ளே போகிறது, வாயுவும் அங்கேதான் அதிகம் வெளியே வருகிறது. அதனால் எல்லா ஓரத்துக்கும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துக்கும் சேர்த்து, எட்ஜ் பேண்டிங் ஒட்டச் சொல்லி ஆசாரியிடம் கறாராகப் பேசுங்கள்.

கடையில் ‘வாட்டர்ப்ரூஃப் மேடம்’ என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். வாயு அளவு இ-1 தரமா, இ-0 தரமா என்று கேளுங்கள். தண்ணீர் படும் இடத்துக்கு பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பாருங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக் கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. இதற்கு ஃபீனால் வகைப் பசை போடுவார்கள், விலை கூடும். வீடு முழுக்க அதையே போடத் தேவையில்லை. சிங்க்குக்குக் கீழே மட்டும் செலவு செய்தால் போதும் என்பது என் கருத்து.

நாம் இப்படிக் கேட்கக் கேட்கத்தான் பசை மாறும். மாறியும் இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கைச்சாங் லி, அலை அடிக்கும் பாறையில் சிப்பிகள் எப்படி விடாமல் ஒட்டியிருக்கின்றன என்று யோசித்து, சோயா மாவிலிருந்து பிளைவுட் பசை செய்தார். அதில் ஃபார்மால்டிஹைடு சேர்ப்பதில்லை. கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. 2007-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. நெதர்லாந்தின் வாகனிங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள், தேங்காய் மட்டையை நாரும் சோறுமாக முழுசாக அரைத்து, சூடாக்கி அழுத்தினார்கள். பசை சேர்க்கவில்லை. மட்டையில் லிக்னின் ஏராளம் என்பதால் அதுவே பிடித்துக்கொண்டது. கெட்டியான பலகை கிடைத்தது. 2004-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்துவிட்டது. மேசன் அன்று மரத்தில் கண்டதை இவர்கள் மட்டையில் கண்டிருக்கிறார்கள்.

மட்டைக்கு நம் ஊரில் பஞ்சமா? பொள்ளாச்சிப் பக்கம் நாராகவும் நார்க்கழிவுக் கட்டிகளாகவும் கப்பல் ஏறிக்கொண்டிருக்கிறது. மட்டை இன்று சும்மா கிடைப்பதில்லை, சூட்டு அழுத்து இயந்திரமும் லேசான முதலீடு இல்லை என்பது தெரிந்தே சொல்கிறேன்: ஒரு கயிறு மில்லோ ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோ இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மட்டையிலோ வைக்கோலிலோ உமியிலோ பலகை செய்பவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன பசை போடுகிறார், என்ன விலைக்குக் கொடுக்கிறார், மழைக்காலத்தில் அது எப்படி இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். நேரில் போய்ப் பார்த்து விரிவாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்