சென்னையில் வெண்பனி பெய்கிறதாம்!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நமது பட்டணங்களிலும், சிற்றூர்களிலுங்கூட, இங்கிலீஷ் நர்சரிப் பள்ளிக்கூடங்களில் ஒரு அதிசயம் நடந்து வருகிறது. அதாவது, ஆகாயத்திலிருந்து ஒரு நாளும் விழாத வெண்பனி, வகுப்பறைச் சுவரில் மாத்திரம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது! வெள்ளைக் காகிதத்தை மடித்து வெட்டிய பனிப்பூக்கள். அட்டையில் பஞ்சை ஒட்டிச் செய்த பனி மனிதன். அவன் கழுத்துக்கு ஒரு கம்பளித் துண்டு. இவ்வளவையும் செய்கின்ற குழந்தைகளோ மின்விசிறியின் கீழ் வியர்த்து வழிகின்றன.

சென்ற வருஷம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய ஆறு வயதுப் பெண் தான் வெட்டிய பனிப்பூவைக் கொண்டுவந்து காட்டிற்று. எண்ணிப் பார்த்தோம், எட்டு முனை இருந்தது. “ஏம்மா, இதற்கு எட்டு முனை?” என்றோம். “டீச்சர் அப்படித்தான் மடிக்கச் சொன்னாங்க, மாமா” என்றது. “பனி எங்கே இருக்கும்?” என்றோம். “காலையிலே புல்லு மேலே இருக்குமே, அதுதான்” என்றது. பிறகு மெதுவாக, “ஆனா அது தண்ணியா இருக்கு, இது வெள்ளையா இருக்கு. ஏன்னு கேட்டேன். படத்தில இருக்கிற மாதிரி வெட்டுன்னு சொல்லிட்டாங்க” என்றது.

நமக்குச் சங்கடமாயிருந்தது அந்த எட்டு முனையைப் பற்றியல்ல. இந்தக் கடைசி வார்த்தையைப் பற்றியே. ஆறு வயதில் ஒரு பிள்ளை, ஒரே பெயருடைய இரண்டு வஸ்துக்களை ஒத்துப் பார்த்து, வித்தியாசங் கண்டு, காரணங் கேட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், “சொன்னதைச் செய்” என்பது! இந்தப் பதிலைப் பத்து வருஷம் கேட்டு வளர்ந்த பிள்ளை, பெரியவனான பிறகு யார் எதைச் சொன்னாலும் ஏனென்று கேளாமல் தலையாட்டினால் அது யாருடைய குற்றம்?

இதற்குச் சிலர், “அந்நிய நாட்டுப் பழக்கம், ஒழித்துவிடுங்கள்” என்பார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். காணாததைக் கற்பிப்பதுதான் கல்வி. காகிதமும் கத்தரிக்கோலும் பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் நல்ல வேலை. இன்னுஞ் சிலர், “நமது முன்னோர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் வகுத்தார்களே, அது போதாதா?” என்பார்கள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பாராமல் அந்த ஆறையும் கிளிப்பிள்ளை போல் ஒப்புவிப்பதும், பாராமல் பஞ்சு ஒட்டுவதும் ஒன்றேதான்.

ஆகவே, வெட்டுவதை அறிவோடு வெட்டலாமே என்பதுதான் நமது கேள்வி. வெண்பனிப் பூ சாதாரணமாக ஆறு கை உடையது. ஏன் ஐந்தல்ல, ஏழல்ல என்று 1611-ல் கெப்ளர் என்ற வானநூல் நிபுணர் ஒரு சிறு புத்தகமே எழுதினார். எழுதிவிட்டு, முடிவான காரணம் தமக்கு அகப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். 1912-க்குப் பிறகு எக்ஸ் கதிரைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பைப் பார்க்க வழி பிறந்தபின்தான், பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் அறுகோண வளையமாக அடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. தெரியாததைத் தெரியாதென்ற கெப்ளரின் நாணயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் பென்ட்லி என்ற குடியானவர், பெரும்பாலும் தாயாரிடமே வீட்டில் படித்தவர், 1885-ல் நுண்ணோக்கியோடு காமிராவை இணைத்துப் பனிப்பூவைப் படம் பிடித்தார். 1931-ல் இறப்பதற்குள் 5,000-க்கு மேல் பிடித்துவிட்டார். ஜப்பானில் நகயா என்பவர் 1936-ல் ஒரு முயல் மயிரின் நுனியில் பனிப்பூவைச் செயற்கையாகவே வளர்த்துக் காட்டினார்.

காகிதத்தைப் பாதி பாதியாகவே மடித்துக்கொண்டு போனால் நான்கு கையோ எட்டுக் கையோதான் வரும். வட்டக் காகிதத்தை ஒருமுறை பாதியாக மடித்து, அந்தப் பாதியை மூன்று சம பாகமாக மடித்து, மறுபடி ஒருமுறை பாதியாக்கி வெட்டினால் ஆறு கை வரும். இதற்கு ஒரு காசு அதிகச் செலவில்லை. கணக்கும் வந்துவிடுகிறது.

பிறகு, “நமது ஊரில் ஏன் விழவில்லை?” என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். நீர் உறைவதற்கு 0 டிகிரி வேண்டும்; சென்னையில் டிசம்பர் இரவிலும் சாதாரணமாக 20-க்குக் கீழே இறங்குவதில்லை. நமது புல்லின் மேலிருப்பது, காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிர்ச்சியில் நீராகப் படிந்தது. உதகமண்டலத்தில் சில இரவுகளில் புல்தரை உறைபனியால் வெளுத்துப் போவதுண்டு. குளிர்காலம் சூரியன் தூரப் போவதால் வருகிறதென்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் அநேகர். வேடிக்கை என்னவென்றால், பூமி சூரியனுக்கு மிகச் சமீபத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி ஆரம்பத்தில்தான்! பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதே பருவங்களுக்குக் காரணம். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கோடைகாலம். அங்கேயும் கடைகளில் பஞ்சுப் பனி வைக்கிறார்களென்றால், யோசியாமல் காப்பியடிப்பது நமக்கு மாத்திரம் சொந்தமல்ல.

நிற்க, நமது குளிர்காலத்துக்கும் ஒரு காகித வேலை உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் வருஷ மழையில் பாதிக்கு மேல் கொட்டுகிறது. வாசலில் ஓடும் தண்ணீரில் விடுகிற காகிதக் கப்பலுக்கு எந்தப் பாடப் புத்தகமும் வேண்டாம். அது ஏன் மிதக்கிறது, கொஞ்ச நேரத்தில் ஏன் நனைந்து முழுகுகிறது, மெழுகு தடவினால் என்னவாகும் என்று பிள்ளையே சோதித்துப் பார்க்கலாம்.

உபாத்தியாயர்களை நாம் குறை கூறவில்லை. குறைந்த சம்பளத்தில், கையில் கொடுத்த படத்தைச் செய்து முடிக்கவேண்டியவர்கள் அவர்கள். பெற்றோர்களைத்தான் கேட்டுக்கொள்ளுகிறோம்: பிள்ளை கொண்டுவரும் காகிதப் பூவைச் சுவரில் ஒட்டுமுன், அது என்ன கேட்டது, அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று விசாரியுங்கள். பதில் உங்களுக்கும் தெரியாவிட்டால், “தெரியாது, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.