ஆட்டையும் ஏத்திக்கிறியா?

டெஸ்டினி 2 விளையாடினவங்களுக்கு இந்த இடம் ஞாபகம் இருக்கும். 2018ல வந்த ஃபோர்சேக்கன் பகுதியில கெய்ட்-6 செத்துப்போறார். பழிவாங்கப் படை அனுப்ப மாட்டேன்னு தளபதி ஸவாலா மறுத்துடறார். நம்ம கார்டியன் அவர் பேச்சை மீறிக் கிளம்புது. தலைவர் வேண்டாம்னு சொல்லியும் சொந்த முடிவுல போறோம்னு நமக்குப் புல்லரிக்கும். ஆனா "இல்ல, ஸவாலா சொல்றதுதான் சரி, நான் போகல"ன்னு சொல்ல அங்க ஒரு பட்டன்கூட கிடையாது. போகாட்டி கதை நகராது. இதையா நாம சுதந்திரம்னு கொண்டாடினோம்?

இது சின்னக் குறைதான். எனக்குப் பெரிய குறை வேற. இந்த மாதிரி கேம்கள்ல விவாதம் முழுக்கக் காவலனோட மனசைப் பத்தியே இருக்கு. அவன் உத்தரவுக்குக் கட்டுப்படணுமா, மீறணுமா, அவனுக்கு விதி உண்டா இல்லையா... அவன் காப்பாத்துற ஜனங்ககிட்ட யாரும் எதுவும் கேக்குறதில்ல. கடைசி நகரத்து மதிலுக்குள்ள இருக்குற சாதாரண ஆளா நீங்க எத்தனை மணி நேரம் உக்காந்தாலும் விளையாட முடியாது.

2015ல வந்த ஹேலோ 5 இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கிட்ட வந்துச்சு. (எக்ஸ்பாக்ஸ் வாங்க வசதியில்ல, முழுசா யூடியூப்ல பார்த்தேன்.) கார்ட்டானாங்கிற செயற்கை அறிவு, கார்டியன்னு பேர் வச்ச ராட்சத இயந்திரங்களை எழுப்பி, இனி விண்மீன் மண்டலத்தைக் காக்குறது என் பொறுப்புன்னு அறிவிக்குது. ஏத்துக்கிட்டா அமைதி, மறுத்தா அழிவு. அவளை வில்லின்னு சொல்லிட்டு எழுந்து போயிடலாம். ஆனா அவ தர்ற அமைதி பொய் இல்லையே. அதுதான் சிக்கல்.

நிஜத்துல நான் ஒரு தடவை மதிலுக்குள்ள இருந்த ஆள். ஊர் மரக்காணம் பக்கம். 2020 நவம்பர், நிவர் புயல். 24ஆம் தேதியே விழுப்புரம் உட்பட 7 மாவட்டத்துல பஸ்ஸை நிறுத்திட்டாங்க. 25ஆம் தேதி மைக் கட்டின ஜீப் தெருத்தெருவா வந்துச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு. எங்க ஆயா நகரல. கொரோனா காலம், நூறு பேர் ஒரே ஹால்ல படுக்கணுமேங்கிற பயம் கொஞ்சம். முக்கியக் காரணம் ரெண்டு ஆடு.

எனக்கு அப்போ எரிச்சல். ஆட்டுக்காகவா உயிரை விடுவாங்க? இப்ப யோசிச்சா அந்தக் கணக்கு புரியுது. எங்க பக்கம் ஜனவரியில இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் உப்பு வாருவாங்க. வடகிழக்குப் பருவமழை தொடங்கினா பாத்தி முழுக்கத் தண்ணி, கூலி கிடையாது. ஈ.சி.ஆர். ஓரமா கீத்து போட்டு மூடியிருக்கே உப்புக் குவியல், அது முதலாளியோடது. வாரினவங்களுக்கு அந்த மூணு மாசமும் கையில இருக்குறது ஆடுதான். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமா 5,000 ரூபாய் தர்ற அரசுத் திட்டம் 2022லதான் வந்துச்சு. அதாவது, ஆயா பிடிவாதம் பிடிக்கல. எதை இழந்தா திரும்பக் கிடைக்காதுன்னு எங்க எல்லாரையும் விட நல்லா தெரிஞ்சு முடிவு எடுத்தாங்க.

சாயங்காலம் தலையாரி வந்தார். உள்ளூர்க்காரர். மைக் இல்ல, நனைஞ்ச சட்டை. "ஏன் ஆயா, எது தடுக்குது?"ன்னு கேட்டார்.

"ஆடு இருக்குது சாமி. அதையும் ஏத்திக்கிறியா?"

சிரிக்கல. யாருக்கோ போன் போட்டார். பள்ளிக்கூடத்து சைக்கிள் ஸ்டாண்டுல கட்டிக்கலாம்னு சொன்னார். ஆயா எழுந்து பையைத் தூக்கிட்டாங்க, அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி தொடங்கி விடியறதுக்குள்ள புயல் எங்க பக்கமாத்தான் கரையைக் கடந்துச்சு, மணிக்கு 120-130 கிலோமீட்டர் வேகம். திரும்பி வந்தப்ப வீட்டுக் கூரையில பாதி இல்ல.

ஆடு விஷயம் தீர்ந்தும் ஆயா வரமாட்டேன்னு உக்காந்திருந்தா? தூக்கிட்டுப் போயிருக்கணும்னுதான் நான் சொல்லுவேன். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய அதிகாரம் கொடுத்திருக்கு, அது வேணும்தான். ஆனா தூக்கிட்டுப் போறவர் மறுநாளும் அதே தெருவுல நடக்கணும், ஆயா திட்டுறதை நின்னு கேக்கணும். தலையாரிக்கு அந்தக் கட்டாயம் இருந்துச்சு, அவர் வீடும் அந்தத் தெருவுலதான். கார்ட்டானாவைத் திட்ட யாரால முடியும்? கார்டியனையாவது? அவன் அடுத்த மிஷனுக்குப் போயிடறான்.

ஒரு கேம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. ஹீரோ யாரும் இல்ல. நீங்க ஒரு வயசான அம்மா, மைக் சத்தம் கேக்குது, புயலுக்கு ஆறு மணி நேரம் இருக்கு. வர்றவங்ககிட்ட நீங்க என்ன கேக்குறீங்க, அவங்க என்ன செய்றாங்க, அவ்வளவுதான் கேம். போகலன்னு சொல்ல பட்டன் உண்டு. யூனிட்டி எனக்குச் சுமாரா வரும். ஆடு வரைய ஒருத்தர் வேணும்.