மச்சம் இல்லாத மேரி

1955 ஜனவரி 14, தைப்பொங்கல். அன்று வெளியான ‘மிஸ்ஸியம்மா’வில் வாள் சண்டை கிடையாது, சாமி பிரத்யட்சமாவது கிடையாது. வேலை தேடி அலையும் இரண்டு பட்டதாரிகளின் கதை அது. ஒரு ஊரில் பள்ளிக்கூடம் நடத்தும் பெரியவர் ஆசிரியர்கள் தேவை என்று விளம்பரம் கொடுக்கிறார். இருவரும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும், கணவன் மனைவியாகவும் இருக்க வேண்டும். பாலுவுக்கு வயிற்றுப்பாடு, மேரிக்கு வீட்டுக் கடன். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். இருவரும் தம்பதி என்று பொய் சொல்லி அந்த ஊரில் போய் இறங்குகிறார்கள்.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் விஜயா நிறுவனத்துக்காகத் தயாரிக்க, எல்.வி. பிரசாத் இயக்கினார். மூலக்கதை வங்காளத்தது. தெலுங்கு வடிவம் இரண்டு நாள் முன்னதாக வந்தது. 1957-இல் இந்தியிலும் ‘மிஸ் மேரி’ ஆனது. மொழி மாறியும் கதை எங்கும் வேரூன்றியதற்குக் காரணம், பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத இளைஞன் சுதந்திர இந்தியாவின் எல்லா ஊரிலும் இருந்தான் என்பதுதான்.

பண்டிகைக்குக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் படம் நல்லதைச் சொல்ல வேண்டும் என்று நம் ஜனங்களுக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு. ‘மிஸ்ஸியம்மா’ அதை உபதேசமாகச் சொல்லவில்லை. மேரி இந்து வீட்டில் இருந்துகொண்டு மாதாவை நினைத்துப் பாடுகிறாள். யாரும் அதைக் கேலிப்பொருளாக்கவில்லை. சாவித்திரியின் மேரி கோபக்காரி, ரோஷக்காரி, அப்பன் பட்ட கடனுக்காக உழைக்கிறவள். அந்த வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் பானுமதி என்பது பழைய கதை.

நிலாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நேரம். இருவருக்குள்ளும் சண்டை. ஆனால் சத்தம் போட முடியாது, வீட்டுக்காரர்கள் இவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இரண்டு பேரும் நிலாவிடம் முறையிடுகிறார்கள். அவன் அவளைப் பற்றி, அவள் அவனைப் பற்றி. ராஜேஸ்வர ராவின் மெட்டு, ஏ.எம். ராஜாவும் லீலாவும் பாடியது. மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அந்த நிலவொளி இன்றைக்கும் குளிர்கிறது. மதம் வேறான இரண்டு பேர் ஒரே முற்றத்தில் நின்று மூன்றாவது ஆளிடம் நியாயம் கேட்கிறார்கள். நல்லிணக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் அதைக் காட்டிவிட்ட காட்சி அது.

திரைக்கு வெளியே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. படத்தில் கல்யாணமாகாதவர்கள் தம்பதியாக நடித்தார்கள். நிஜத்தில் பாலுவாக நடித்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் 1952-லேயே மணம் செய்துகொண்டு, அதை ஊரறியாமல் வைத்திருந்தார்கள். ஜெமினிக்கு முன்பே ஒரு குடும்பம் இருந்தது. பிற்காலத்தில் அதில் எத்தனை கண்ணீர் சேர்ந்தது என்பதைத் தமிழ்நாடு அறியும்.

அந்த கணேசன் புதுக்கோட்டைக்காரர், 1920-இல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் கற்றுக்கொடுத்தார். பிறகு ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்து, நடிக்க வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களைப் பேட்டி கண்டு தேர்வு செய்யும் வேலை பார்த்தார். வேலை தேடுகிறவனின் முகத்தை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ முறை பார்த்தவர் அவர். பாலுவின் அசட்டுத் துணிச்சலில் தெரியும் நிஜம் அங்கிருந்து வந்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆனால் அவர் பிறந்த குடும்பத்துக்குள் போனால் படம் சின்னதாகிவிடுகிறது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்த நாராயணசாமி ஐயர் இசை வேளாளர் மரபில் வந்த சந்திரம்மாளோடு வாழ்ந்தார். சாதிக் கட்டு இறுகியிருந்த சமஸ்தானத்தில் அது நிலாப் பாட்டில் முடிகிற சமாசாரமா? உறவு முகம் திருப்பியது. அந்த வீட்டில் 1886-இல் பிறந்த பெண்தான் முத்துலட்சுமி. ஜெமினிக்கு அத்தை.

பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டில் படித்துத் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு காரணம், தாயின் பிறப்பு இன்னொரு காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்ததால் உள்ளே போனார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம். 1927-இல் சென்னை சட்டசபையில் இடம், அங்கேயே துணைத் தலைவர் பதவி. தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிவைத்த போராட்டம் 1947-இல் சட்டமாகி முடிந்தது. ஔவை இல்லம் எழுந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் திறந்தது. அதற்கடுத்த பொங்கலுக்குத்தான் ‘மிஸ்ஸியம்மா’ வந்தது.

அவர் வாழ்க்கையையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் படத்தின் முடிவு உறுத்தும். பள்ளிக்கூடம் நடத்தும் பெரியவர் பதினாறு வருஷத்துக்கு முன் யாத்திரையில் மூத்த மகளைத் தொலைத்தவர். தங்கவேலுவின் துப்பறியும் கோமாளித்தனம் ஒரு வழியாக மேரியின் காலில் இருக்கும் மச்சத்தில் போய் நிற்கிறது. தொலைந்த மகாலட்சுமி இவள்தான். பிறப்பால் இந்து! இனி பாலு தாலி கட்டுவதற்கு என்ன தடை? அரங்கில் எல்லோரும் பெருமூச்சு விட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிட்டார்கள்.

தயாரிப்பாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பண்டிகைப் படம் பார்க்கிறவனோடு சண்டை போடாது. முடிச்சை அவனுக்குக் காட்டும், அதை வைத்து மணிக்கணக்கில் சிரிக்க வைக்கும், கடைசியில் முடிச்சே இல்லை என்று சொல்லி அனுப்பும். அந்தச் சிரிப்பும் வீண் இல்லை. மாதாவை வணங்கும் பெண்ணை நம் வீட்டுப் பெண்ணாகப் பல்லாயிரம் பேர் சில மணி நேரமாவது நினைத்துப் பார்த்தார்கள். ஆனால் முத்துலட்சுமிக்கு அப்படி ஒரு மச்சம் கிடைக்கவில்லை. நீ உண்மையில் வேறு சாதிக்காரி என்று யாரும் வந்து சொல்லி அவரைக் கரையேற்றவில்லை. பிறந்த பிறப்போடேயே வாசலில் நின்றார், கதவுதான் திறக்க வேண்டியிருந்தது.

அவர் பிறந்த புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் ஒரு ஜனவரி 14 அன்றுதான், 1974-இல். ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டது. அதே மாவட்டத்தில், 2022-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர், பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்களை விடுவதில்லை என்பதையும் கண்டு, அவர்களைக் கையோடு கோயிலுக்குள் அழைத்துப் போனார். மன்னர் ஒரு மாணவிக்குத் திறந்த கதவை, நூறு வருஷம் கழித்து ஆட்சியர் வந்து மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

இந்தப் பொங்கலுக்கும் ஏதாவது ஒரு தொலைக்காட்சியில் நிலாப் பாட்டு வரும், நாமும் கூடவே முணுமுணுப்போம். மச்சம் தெரியும் காட்சி வந்ததும் எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தக் கால் வெறும் காலாக இருந்திருந்தால் பெரியவர் என்ன செய்திருப்பார் என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கேட்கலாம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கையில், வாடகைக்கு வீடு விடுகையில், டீக்கடையில் குவளையை நீட்டுகையில் நாம் இன்னும் அந்த மச்சத்தைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்.