காரைக் குனிய வைக்கலாமா?

"அம்மா, நம்ம காரைக் கொஞ்சம் இறக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் பதறிப் போகாதீர்கள். விற்கப் போகிறான் என்று அர்த்தமில்லை. காரின் வயிற்றைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டு போகப் போகிறான், அவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால், விற்றுவிடுவதே தேவலை என்று தோன்றினாலும் தோன்றலாம்!

சங்கரன்கோவிலில் என் அத்தை வீட்டில் இதே பேச்சுத்தான். மகனுக்கு ரேஸ் கார் மாதிரி வேண்டுமாம்; அத்தைக்கோ முதுகுவலி. "ஏய்யா, நீ பத்திரிகைக்காரன், நாலும் விசாரிக்கிறவன். ரெண்டு அங்குலம் இறக்குறதுக்கு இம்புட்டுப் பணமாய்யா?" என்று என்னைக் கேட்டாள். பணத்தைவிடப் பெரிய விஷயம் அந்த இரண்டு அங்குலத்தில் இருக்கிறது.

அம்பாஸிடர் கார் நினைவிருக்கிறதா? 2014-ல் அதன் உற்பத்தி நின்று போயிற்று. அதற்குப் பின்பக்கம், லாரிக்கு இருப்பதுபோல், பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங்தான். சக்கரம் பள்ளத்திலோ மேட்டிலோ ஏறி இறங்கும்போது சுருள் அமுங்கி விரிகிறது. அந்த ஆட்டத்தை அடக்கி நிறுத்துவது ஷாக் அப்சார்பர். இரண்டும் புருஷன் பெண்சாதி மாதிரி. ஒருவரை மட்டும் மாற்றிவிட்டுக் குடும்பம் நடத்த முடியாது.

வீட்டில் பழைய சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தால் அடிக்கட்டை இடிக்கிறதல்லவா? காரிலும் அப்படித்தான். ஸ்பிரிங் அமுங்குவதற்கு 8 சென்டிமீட்டர் இடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை 3 சென்டிமீட்டர் இறக்கினால் மிச்சம் 5. முன்பு 8-ல் தாங்கின அடியை இப்போது 5-ல் தாங்க வேண்டுமானால், ஸ்பிரிங் ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்கவேண்டும். விறைப்பு இல்லாவிட்டால் அடிக்கட்டை இடிக்கும். விறைப்பாக இருந்தால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து விசாரிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். மூன்றாவது வழியைப் பிரம்மா வைக்கவில்லை.

லாபமே இல்லையா என்றால், உண்டு. கனம் தாழ்வாக இருந்தால் வளைவில் கார் சாய்வது குறையும். ஆனால் எவ்வளவு? காரின் கனமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து 52-க்கு வந்தால், ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் பாரம் சுமார் 5 சதவிகிதம் குறையும். ரேஸ் மைதானத்தில் அது பெரிய சங்கதி. ராஜபாளையத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு?

இனி நம் வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைப் பேரவை 1988-ல் சொன்ன அளவுப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அகலமாக இருப்பதால் முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்தே அதன்மேல் ஏறி நிற்கும். வயிற்றுக்கு அடியில் சுமார் நாலரை சென்டிமீட்டர்தான் காவு போகும். எந்தக் காரும் தாண்டிவிடும். ஆனால் தெருக்காரர்கள் தாங்களாகவே கொத்தனாரை வைத்துப் போட்டுக்கொள்ளும் குறுகலான மேடு இருக்கிறதே, அது முழு உயரத்தையும் காரின் வயிற்றிலேயே காட்டும். சின்னக் கார்களுக்கு வெறுமனே நிற்கும்போது 16, 17 சென்டிமீட்டர் இடைவெளி. ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் மூன்றாவது குறையும். இறக்கியதில் இன்னொரு மூன்று, நாலு. மிச்சம் பத்து! ஆடித்தபசுக்கு வந்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ரத வீதியிலிருந்து வீட்டுச் சாய்தளத்தில் ஏறும்போது 'கர்ர்ர்' என்று சத்தம் கேட்டால், அது எண்ணெய்த் தொட்டியாகவும் இருக்கலாம். ஆகையால் முதல் வேலை, தையல் டேப்பை எடுத்துக்கொண்டு, வீட்டார் எல்லோரையும் காரில் உட்கார வைத்து, அடியில் மிகத் தாழ்வான இடத்தை அளப்பதுதான்.

அளந்த பிறகும் பிள்ளை பிடிவாதமாக இருந்தால், ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். "ரெண்டு சுத்து வெட்டிருவோம் தம்பி, ஜம்முனு உக்காந்துரும்" என்பார் ஏதாவது ஒரு பட்டறைக்காரர். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் ஐந்தில் ஒரு பங்குதான் விறைக்கும். உயரமோ அதைவிட வேகமாகக் குறைந்துவிடும். வெட்டின முனை தன் பீடத்தில் சரியாக உட்காராது. காஸ் விளக்கால் சுட்டு வெட்டினால் எஃகின் பதமும் போய்விடும். நம் வீட்டு அரிவாளை அடுப்பில் போட்டு எடுத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

வாங்குவதானால், அந்தக் கார் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்காக வாங்க வேண்டும். ஜெர்மனியில் ஐபாக் போன்ற கம்பெனிகள் காருக்குக் கார் அளவெடுத்துச் செய்கின்றன. மூன்று சென்டிமீட்டர் அளவில்தான் பெரும்பாலும் இறக்குவார்கள். அங்கேயும் சான்றிதழ் இல்லாமல் மாட்ட முடியாது. 'எத்தனை அங்குலம் இறங்கும்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'பழையதைவிட எத்தனை மடங்கு விறைப்பு, ஏற்கெனவே இருக்கும் ஷாக் அப்சார்பர் தாங்குமா, பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் எவ்வளவு மிச்சம்?' என்று கேட்கவேண்டும். கம்பி கொஞ்சம் பருத்தாலே விறைப்பு எகிறிவிடும்: பத்தில் ஒரு பங்கு பருத்தால் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

மாட்டின பிறகு ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது ஸ்பிரிங் தளர்ந்து பீடத்தில் ஆடினால் அதை உடனே கழற்ற வேண்டியதுதான். சக்கரக் கோணத்தையும் முன்விளக்கையும் திரும்பச் சரிபார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றும் காரியத்தையே சட்டம் 'மாற்றம்' என்கிறது. ஸ்பிரிங் அதில் சேருமா என்று பிள்ளை வக்கீல் மாதிரி வாதாடலாம். வாதாடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் பதில் வாங்கி வரச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே யாரோ வெட்டிவிட்ட கார் வீட்டில் நின்றால், ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றின பழசைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராமல் கையோடு வாங்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்.