இணைபிரியா இரு பூனைகள்



இடமாற்ற உத்தரவு நம்போன்ற குடும்பங்களுக்குப் புதிதன்று. உத்தரவு கைக்கு வந்த பத்து நாட்களுக்குள் அண்டா குண்டான் முதல் அம்மிக்கல் வரை மூட்டை கட்டிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்குகிறோம். பால் கணக்கைத் தீர்க்கிறோம். ஆனால் கொல்லைப்புறத்தில் நாள்தோறும் சோறு வைத்து நாமே பழக்கிய பூனை மட்டும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

விஜயபுரத்தில் நாம் குடியிருக்கும் தெருவில், ஒரு குடும்பத்தார் சென்ற கார்த்திகையில் வடக்கே மாற்றலாகிச் சென்றனர். பூட்டிய கதவின் முன்னே அவர்கள் வளர்த்த இரண்டு பூனைகள் அமர்ந்திருந்தன. ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகள். ஐந்து மாதம் இருக்கலாம். ஒன்று சாம்பல் வரிப் பெண். மற்றொன்று முழுக் கறுப்புக் கடுவன். மழை விடாமல் பெய்தது. திண்ணை ஓரத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை.

எனினும் நாம் செய்தது பாதிப் புண்ணியந்தான். ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் ஒரு பூனையே அதிகம் என்று கணக்குப் போட்டோம். அதற்கும் மேலாக, காலையில் வேலைக்குப் புறப்படும்போது கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் என்னாவது என்ற எண்ணம் உள்ளே இருந்தது, அதை மறைப்பானேன்? வரிப்பூனையை மட்டும் கூடையில் எடுத்துக்கொண்டோம். எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் அதைக் கண்டு, “தம்பி, அதுக ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுக. ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணு தங்காது” என்றார். கிழவி வார்த்தைதானே என்று வந்துவிட்டோம்.

வீட்டிற்கு வந்த பூனை கட்டிலுக்கு அடியில் புகுந்தது. பால் வைத்தோம், தொடவில்லை. மீன் வாங்கி வேகவைத்தோம், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரவெல்லாம் ஒரே ஓலம். இரண்டு நாள் இவ்வாறு கழிந்தது. மூன்றாம் நாள் காலையில் அது எழுந்து நிற்கவும் தள்ளாடியது. இல்லத்தரசியார் நம்மைப் பார்த்து, “உங்கள் சகுனக் கணக்கு இந்த உயிரை வாங்கப் போகிறது” என்றார். “பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தது போல” என்று பெரியோர் சொன்ன பழமொழியின் பொருள் அன்றுதான் நமக்கு முழுமையாக விளங்கியது.

உடனே புத்தூருக்குக் கொண்டு சென்று ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். பூனையின் பட்டினி மனிதர் இருக்கும் உபவாசத்தைப் போன்றதன்று. சில நாட்கள் தொடர்ந்து உண்ணாமல் இருந்தாலே அதன் உடற்கொழுப்பு கல்லீரலில் சென்று படிந்து, உயிருக்கே ஆபத்து உண்டாகலாம். இதை விளக்கிய மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, முடிந்தால் மற்றதையும் கொண்டுவந்து சேர்த்துவிடுமாறு அறிவுறுத்தினார்.

ஆனால் மற்றது திண்ணையில் இல்லை. அன்று மாலை கைவிளக்கை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினோம். இரவு எட்டு மணிக்கு மேல், வைக்கோற்போரின் அடியிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. எலும்பும் தோலுமாய்க் கிடந்தான் கறுப்பன். வீட்டில் கூடையைத் திறந்ததும், கட்டிலடியில் கிடந்தவள் தானே வெளியே வந்தாள். மூக்கோடு மூக்கு வைத்தாள். அவன் காதை நக்கத் தொடங்கினாள். அரைமணி நேரம் சென்றபின் இரண்டும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்தன. நாம் வெட்கித் தலைகுனிந்தோம்.

மேல்நாடுகளில் பிராணிக் காப்பகங்கள் இத்தகைய இணையைக் கண்டறிந்து, இரண்டையும் ஒரே வீட்டிற்குத்தான் தருவோம் என்று நிபந்தனை விதிப்பதுண்டு. ஆயினும் எல்லா இரட்டையும் இணை ஆகா. ஒன்றையொன்று தழுவி உறங்குதல், நக்கித் தூய்மை செய்தல், சண்டையின்றி அருகருகே உண்ணுதல், ஒன்று மறைந்தால் மற்றது தேடி அழைத்தல் ஆகியவை மெய்யான இணையின் அடையாளங்கள். ஒரே முற்றத்தில் ஒதுங்கி வாழும் இரண்டை இணை என்று கொள்ளலாகாது.

இணையை வீட்டிற்குக் கொண்டுவர எண்ணும் நேயர்களுக்குச் சில குறிப்புகள் தருகிறோம்.

முதற் சில நாட்கள் இரண்டையும் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி ஒன்று வையுங்கள். வலிந்து வெளியே இழுக்க வேண்டா. உணவுக் கிண்ணம் இரண்டு வேண்டும். மலங்கழிக்க, இடம் இருப்பின், மணல் நிரப்பிய மூன்று தட்டுகள் வைப்பது நலம். சன்னலுக்குக் கம்பிவலை போடுங்கள்.

சைவக் குடும்பத்தார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தயிர்ச்சோறு மட்டும் பூனைக்குப் போதாது. டாரின் என்னும் சத்தைப் போதிய அளவில் தானே உண்டாக்கிக்கொள்ளப் பூனையின் உடலால் இயலாது. இறைச்சியிலும் மீனிலும் அது இருக்கிறது. அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். வீட்டில் மீன் சமைக்க மனமில்லாதவர்கள் கடையில் விற்கும் பூனை உணவை வாங்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரு மாத்திரையே அதன் உயிரைப் போக்கக்கூடும்.

உடன்பிறந்த ஆணும் பெண்ணுமாயினும் பூனைகள் உறவு பார்ப்பதில்லை. ஐந்தாறு மாதத்தில் பருவம் எய்தும். சினை ஏறக்குறைய ஒன்பது வாரம். ஆதலால் கருத்தடை அறுவையைத் தள்ளிப்போடலாகாது. திருப்பதியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. 2005இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவர கால்நடைப் பல்கலைக்கழகத்தில் அது இன்று அடங்கியுள்ளது. இப்பகுதியினர் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

மூன்று மாதம் நிரம்பிய பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறு கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

நிற்க. வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்திற்கும் ஆளாகும்படி காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அச்சட்டம் பிறக்க மாநிலங்களவையில் குரல் எழுப்பியவர் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கும் அவரே தலைமை தாங்கினார். அதற்கு முன்பே, 1959இல், கேப்டன் சுந்தரம் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியிருந்தார். கைவிடப்பட்ட பூனைகளையும் நாய்களையும் அங்கிருந்து வீட்டிற்கு எடுத்துச் சென்று வளர்ப்போர் இன்றும் உண்டு.

இரண்டு பூனையால் செலவு கூடத்தான் செய்கிறது. மாதச் சிட்டையில் அது தெரிகிறது. ஆனால் நாம் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், ஆளில்லா வீட்டில் ஒன்றுக்கொன்று துணையாக அவை விளையாடிக்கொண்டிருக்கின்றன. புது ஊரில் மொழி தெரியாமல் இறங்கிய முதல் நாள், உடன் வந்தவர் ஒருவர் இருந்தது எத்தகைய ஆறுதல் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கறுப்பனோ நாள்தோறும் காலையில் நம் குறுக்கே போகிறான். நாமும் தவறாமல் அலுவலகம் போய்ச் சேருகிறோம்.

குட்டி ஈன்ற பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள். மாறும்போது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, மீண்டும் மீண்டும் வந்து எடுத்துச் செல்லும். ஊர் மாறும் நாமும் அவ்வாறே செய்வோம். உடன் கொண்டுசெல்ல இயலாத நிலை வந்தால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே நல்லதோர் இல்லம் தேடுங்கள். இரண்டு இருப்பின், இரண்டையும் சேர்த்து ஏற்கும் இல்லமாகத் தேடுங்கள்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.