கணக்கெடுக்க வேண்டியது மாணவர்களையா, வகுப்பறையையா?

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் எங்கள் வகுப்பாசிரியர் கையில் பட்டியலோடு வந்தார். "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்றார். எழுந்து நின்றோம். தலைகளை எண்ணினார், பட்டியலோடு சரிபார்த்தார், உட்காரச் சொன்னார். பள்ளிக்கு அது ஒரு புள்ளிவிவரம். அதுவரை என்னோடு சோற்றைப் பகிர்ந்துகொண்ட தோழி மறுநாள் முதல் வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்ட ஆய்வுக்காக அரசுப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். பட்டியல்கள் இப்போது பெருகியிருக்கின்றன. வருகைப் பதிவு, மதிப்பெண், தேர்ச்சி விகிதம், 'மெல்லக் கற்போர்' பட்டியல் என எதையாவது எமிஸ் தளத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். "ஏத்துறதுக்கே நேரம் போதலம்மா, பாடம் எப்ப நடத்துறது?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. என் கேள்வி வேறு. இந்தப் பட்டியல்கள் எல்லாம் ஏன் மாணவரை மட்டுமே விசாரிக்கின்றன? வகுப்பறையை விசாரிக்கும் பட்டியல் ஒன்றுகூட ஏன் இல்லை?

எண்களை யாரை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதை அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டிலேயே காட்டினார். பம்பாய் சட்ட மேலவையில் கல்வி மானியம் குறித்துப் பேசும்போது, தொடக்கப்பள்ளியில் சேரும் 100 குழந்தைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். மீதி 82 பேருக்குப் படிப்பு ஏறவில்லை என்று அவர் சொல்லவில்லை. மதுவின் மூலம் மக்களிடம் வசூலிக்கும் வரியைவிடக் கல்விக்குக் குறைவாகச் செலவிடும் அரசைக் கேள்வி கேட்டார். அதே 82 நம் பள்ளிகளில் கிடைத்திருந்தால் 82 பெயர் கொண்ட 'மெல்லக் கற்போர்' பட்டியல் தயாராகியிருக்கும்.

களப்பணியில் நான் சந்தித்த ஒரு கணித ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய ஒன்பதாம் வகுப்பில் மெல்லக் கற்போர் பட்டியலில் ஒன்பது பேர். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்ததாகவே இருந்தது. அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோதுதான் சங்கதி தெரிந்தது. ஆறு பேர் ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். அங்கே நிற்கும் காலைப் பேருந்து பள்ளிக்கு வந்து சேரும்போது முதல் பாடவேளை பாதி முடிந்திருக்கும். தாமதமாக வந்தாலும் வருகை போட்டுவிடுவார்கள். வாரத்தில் நான்கு நாள் முதல் பாடவேளை கணிதம்.

அவர் அதோடு நிற்கவில்லை. வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, இரண்டு வாரம் தன்னையே கணக்கெடுத்தார். யாரிடம் கேள்வி கேட்டேன், யாரைக் கரும்பலகைக்கு அழைத்தேன், யாரை வேலை ஏவினேன் என்று ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டார். கேள்விக் கோடுகள் முன்வரிசையில் குவிந்திருந்தன. தண்ணீர் எடுத்துவர, பெஞ்சு நகர்த்த அனுப்பிய கோடுகள் பின்வரிசையில் இருந்தன. "நான் சாதி பாக்கிறவன் இல்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்று தாளை என்னிடம் காட்டினார். அந்தத் தாளில் சாதி என்றொரு சொல்லே இல்லை. பெயர்கள் மட்டும்தான். எந்தப் பெயர் எந்தத் தெருவுக்குரியது என்பது அவருக்கே தெரியும்.

இங்கே ஒரு கேள்வி வரும். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று போராடுகிறோம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவோ, மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. அதையும் வரவேற்கிறோம். இது முரண் இல்லையா?

இல்லை. அந்த எண்ணுக்கு யார் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் வேறுபாடு. சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் உரக்க வாசிக்கப்படும் சாதிக்குக் குழந்தைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே வகுப்பறையில் ஆசிரியர் திரட்டும் சான்று அவரைப் பற்றியதாக இருக்கட்டும்.

இதற்குப் பயிற்சி முகாம் வேண்டியதில்லை, செயலியும் வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு பாடவேளை, இரண்டு வாரம், ஒரு தாள் போதும். அந்தத் தாளை வைத்து உடனே தீர்ப்பு எழுதக் கூடாது. கோடுகள் எங்கே குறைகின்றன என்று காட்டுமே தவிர, ஏன் குறைகின்றன என்று சொல்லாது. அதைப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசித்தான் அறிய முடியும். ஆசிரியர் கோடு போடாமலிருந்தால் பேருந்து விஷயம் தெரிந்திருக்கும், அவருடைய கை யாரை நோக்கி நீண்டது என்பது தெரிந்திருக்காது. பேசாமலிருந்தால் பேருந்து விஷயமே தெரிந்திருக்காது. இரண்டும் வேண்டும். பிறகு மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு மறுபடி எண்ண வேண்டும். அந்த ஆசிரியர் தலைமையாசிரியரிடம் பேசி, கணிதத்தை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றினார். வாரம் ஒரு முறை இருக்கைகளையும் சுழற்றினார். பேருந்து நேரத்தை மாற்றக் கேட்டுப் பெற்றோர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இதைப் படிக்கும் தோழர்களில் பி.எட். படிப்பவர்கள் இருப்பீர்கள், குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். நாளைக்கே ஒரு தாளில் உங்கள் வகுப்பை வரையுங்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்ன ஆசிரியர் கெட்டவர் அல்லர். உதவித்தொகை எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் அவசரப்பட்டார். அன்று அவர் தலைகளை எண்ணியபோது, யார் தலை குனிந்தது என்பதையும் பார்த்திருக்கலாம்.