மாரிக்கு முன் ஒரு செலவு

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியம் பற்றியே எழுதுவோமென எண்ணியிருத்தல் கூடும். நாம் எழுதப் புகுந்ததோ மோட்டார் சைக்கிளைப் பற்றி. பழைய மாணவர் முகஞ் சுளிக்க வேண்டா. இலக்கியமும் இடையில் வரும்.

நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவரிடையே சில ஆண்டுகளாக ஓர் ஆசை வேரூன்றியுள்ளது. பரீட்சை முடிந்ததும் நால்வர் ஐவராகக் கூடி, மோட்டார் சைக்கிளேறி, பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை, அஃதாவது இத்தீவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை, சென்று மீளவேண்டும் என்பதே அது. இதனைக் கேட்ட மாத்திரத்தே பெற்றோர் அஞ்சுவர். ஆசிரியருட் சிலர் தடுத்தல் வேண்டும் என்பர். நாம் அக்கட்சியினர் அல்லோம். போகட்டும் என்பதே எம் கருத்து. ஆனால் மாரிக்கு முன் போகட்டும், ஆயத்தத்தோடு போகட்டும்.

போகட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. எம்முடையது போகமுடியாதிருந்த தலைமுறை. நாம் மாணவராயிருந்த காலத்தில் தெற்கே செல்லும் பாதை ஆனையிறவில் அடைபட்டுக் கிடந்தது. கிளாலிக் கடனீரேரியை இருளிற் படகேறிக் கடந்தோர் பலர். மறுகரை சேராதோரும் உளர். பெற்றோல் கிடையாத அந்நாள்களில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகியிருந்தன. சில துளி பெற்றோலை வார்த்தாலன்றி அவை உயிர் பெறமாட்டா. உயிர் பெற்றாலும் கொடிகாமத்தோடு எமக்கு உலகம் முடிந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. 2009இல் போர் முடிந்த பின்னரே மறுபடியும் வழிவிட்டது. இன்றைய இளைஞனுக்குத் திறந்திருக்கும் பாதையை மூடுதற்கு நாம் யார்?

நிற்க. செலவு என்றதும் பணம் கரைவதையே இன்று எவரும் நினைப்பர். பழந்தமிழில் அது பயணத்தைக் குறித்தது. பொருள்தேடப் பிரியும் சங்கத் தலைவன், கார்ப்பருவத்துக்குள் மீள்வேன் எனக் காலங் குறித்தே செல்வான். மழைக்கு முன் வழியை முடித்துக்கொள்ளல் வேண்டும் என்பது அத்துணைப் பழைய அறிவு. உரையாசிரியர்கள் ஆவணியையும் புரட்டாதியையும் கார் என்பர். நம் குடாநாட்டு வானமோ வேறு கணக்கு வைத்திருக்கிறது. சோளகம் ஓய்ந்து, ஐப்பசியில் இடிமுழங்கி, வாடையோடு மழை பிடித்தால் மார்கழி வரை விடாது. ஆகவே நல்லூர்த் திருவிழா முடிந்து, வயல்களிற் புழுதி விதைப்பு நடக்கும் அச்சில வாரங்களே தென்றிசைச் செலவுக்கு உகந்தவை. மலைநாட்டில் மழையே இல்லாத மாதம் ஒன்றைத் தேடுதல் வீண். எனினும் அப்போது தென்மேற்குப் பருவமும் தளர்ந்துவிடும்.

நம் மாணவர் செய்வதென்ன? அண்மையிற் சில ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை கார்த்திகையிலே வந்தது. அது முடிந்த கையோடு புறப்படுவோன் நேரே மழைக்குள் நுழைகிறான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பரீட்சையே இடையில் நிறுத்தப்பட்டது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கலா ஓயா வெள்ளத்தில் அகப்பட்ட பேருந்தொன்றின் பயணிகளைக் கடற்படையினர் மீட்கவேண்டியதாயிற்று. பேருந்துக்கே அந்நிலையெனில் இருசில்லு வண்டி எம்மாத்திரம்?

இதனை நாம் ஏட்டிற் படித்துச் சொல்லவில்லை. 2014ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் நாமும் உடனாசிரியர் இருவரும் இரண்டு வண்டிகளிற் புறப்பட்டோம். தலைக்கவசமும், சில்லின்கீழ் நசித்த தேசிக்காயும் தவிர வேறு ஆயத்தம் எம்மிடம் இருக்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயுடைத்துக் கச்சான் கொறித்தபோது வானம் மப்பாயிருந்தது. வவுனியாவைத் தாண்டியதும் மழை. கெக்கிராவைக்கு அப்பால், இருட்டும் வேளையில், எம் வண்டியின் சங்கிலி கழன்று சிக்கிப் பின்சில்லு இறுகிவிட்டது. பின்னே இருந்த நண்பருக்கு முழங்கால் உடைந்தது. சங்கிலி தளர்ந்திருப்பதைக் கிளிநொச்சியிலேயே ஒலியால் அறிந்தும், "போய்ப் பார்ப்போம்" என்றவர் நாமே. இன்றும் மாடிப்படி ஏறுகையில் அந்நண்பர் ஒருமுறை எம்மைத் திரும்பிப் பார்ப்பார், ஒன்றுஞ் சொல்லார்.

ஆயத்தம் என நாம் சொல்வது பெரிய வித்தையன்று. சங்கிலி, ரயர், பிறேக்கு ஆகியவற்றைப் புறப்படும் நாளுக்கு இருவாரம் முன்னரே மாற்றிவிடல் வேண்டும். முதல்நாள் மாலை கராஜுக்கு ஓடுதல் ஆகாது. மாற்றிய வண்டியைக் காரைநகருக்கும் பருத்தித்துறைக்கும் பலமுறை ஓட்டிப் பார்த்தால் அதன் குறை நம் ஊரிலேயே தெரிந்துவிடும். ஒரு ரியூப், ஒரு கிளச்சுக் கபிள், ஒரு பிளக், அவற்றைக் கழற்றிப் பூட்டும் கைப்பழக்கம். சாரதி அனுமதிப்பத்திரம் முதலிய கடதாசிகளை மழை நனையாத பையில் இடுக. பகலில் மட்டுமே ஓடுக. மழைநாளில் வன்னி மாடுகள் வயலின் ஈரத்தை விட்டுத் தார்வீதியிலே படுத்திருக்கும். கறுப்பு மாடு விளக்கொளியிற் புலப்படும்போது நமக்கு நேரமிராது. அபரணைப் பக்கத்தில் யானை குறுக்கிடும். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் 2025 செப்டெம்பரிற் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அத்தகைய இறக்கத்திற் கியரைக் குறைத்து, இயந்திரத்தாலேயே வேகத்தை அடக்கி வருக. பிறேக்கைப் பிடித்தபடியே வந்தால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

இனி, சிலர் விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். புறப்படுவோன் ஆறு மாதத்துக்கு முன்பே சிங்களம் படிக்கத் தொடங்கல் வேண்டும். தமிழாசிரியன் வாயில் இது வருவதோ எனக் கேட்பார் கேட்கட்டும். அன்று மழையில் எம்மைத் தூக்கித் தம் உழவு இயந்திரத்தில் ஏற்றியவர் ஒரு சிங்கள விவசாயி. நண்பருக்கு நோவு எங்கே என்று அவரிடம் சொல்ல எமக்கு மொழியில்லை. எமக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் காவலரண்களிற் கற்றது: அடையாள அட்டை, எங்கே போகிறாய், இறங்கு. நோவைச் சொல்லும் சொல்லும் நன்றி சொல்லும் சொல்லும் அதில் இல்லை.

காலியில் 1911இற் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ள கல்வெட்டொன்றை மாணவர் போகும் வழியிற் பார்த்தல் நன்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ நாட்டியது. 1409ஆம் ஆண்டுக் குறிப்புடையது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிற் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குச் செய்த காணிக்கைகளைக் கூறுகிறது. தேனாவரை என்பது இத்தேவேந்திரமுனையே. அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்தனர். அக்கல் சீனத்திலேயே வெட்டப்பட்டுக் கப்பலில் வந்தது என்பர் அறிஞர். சென்று சேருமிடத்தில் எம்மொழி வேண்டுமென முன்னரே எண்ணி, அதனைக் கல்லிற் பொறித்தெடுத்துப் புறப்பட்டவனுடையது ஆயத்தம், எம்முடையது தேசிக்காய்.

2016ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் நாம் மீண்டும் புறப்பட்டுத் தேவேந்திரமுனையின் வெளிச்சவீட்டை அடைந்தோம். முழங்கால் உடைந்த நண்பர் வரவில்லை.

இவ்வாண்டு புரட்டாதியிற் செல்வதற்கு, சென்ற ஆண்டு கல்லூரியை விட்ட மாணவர் நால்வர் எம்மிடம் யோசனை கேட்டு வந்தனர். வாரம் இருமுறை மாலையிற் கூடிச் சிங்களம் படிக்கின்றனர். மூவருடைய வண்டிகள் ஆயத்தம். நான்காமவன் வண்டியை நிறுத்தும்போது சங்கிலி இன்னும் சலசலக்கிறது. அவன் பயணம் எம் கையிலிருக்கிறது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறோம்.